நோவை அளக்கும் தாள் பிறந்த கதை

மட்டக்களப்பின் படுவான்கரையில் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்கள் காலையில் மாடுகளைத் திறந்துவிடும்போது எண்ணிக்கையோடு முகத்தையும் பார்த்துக்கொள்வார்கள். காது தொங்குகிறதா, மூக்கு காய்ந்துகிடக்கிறதா, அசைபோடாமல் வெறித்து நிற்கிறதா, கூட்டம் நகரும்போது ஒன்று மட்டும் முதுகைக் கூனிக்கொண்டு பின்தங்குகிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் முடிந்துவிடும். 2015 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கரினா க்ளீரப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கறவை மாடுகளின் நோவை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அவர்கள் பார்க்கச் சொன்னவற்றில் காது, முகம், தலை நிற்கும் உயரம், முதுகின் வளைவு எல்லாம் இருந்தன. வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரு பட்டிக்காரரிடம் அதை வாசித்துக் காட்டினால், இதற்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்பார்.

கேட்பது நியாயம்தான். ஆனால் அதே பட்டிக்காரர்தான் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுக்குக் குறியும் சுடுகிறார். வேலியில்லாத மேய்ச்சல் தரையில் குறியில்லாத மாடு யாருடைய மாடும் ஆகிவிடும் என்பது அவருடைய பக்கத்து உண்மை. காலை இழுத்து நடக்கும் மாட்டுக்கு வைத்தியமாகவே சூடு போடுகிறவர்களும் உண்டு. (வெள்ளைக்காரரைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை. பந்தயக் குதிரையின் காலில் இரும்பால் சுடுவதை இங்கிலாந்தின் மிருக வைத்தியர்களே நெடுங்காலம் செய்தார்கள்.) மாட்டுக்கு நோகும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தது கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். கண்டதைக் கணக்கில் ஏற்றுவதற்கு உலகம் எடுத்துக்கொண்ட காலம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். இன்று மிருக வைத்தியசாலைகளில் நாயின் கூட்டிலும் பூனையின் கூட்டிலும் தொங்குகிற ஒரு பக்கத் தாள் அப்படிப் பிறந்ததுதான். அதன் கதை நாயிலும் தொடங்கவில்லை, பூனையிலும் தொடங்கவில்லை.

1846 ஒக்டோபரில் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதரை முகரவைத்து மனிதருக்குச் சத்திரசிகிச்சை நடக்கச் செய்தார். அடுத்த வருடமே லண்டனில் எட்வேர்ட் மேஹியூ என்ற மிருக வைத்தியர் நாய்க்கும் பூனைக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார். மயக்கத்திலும் அவை கத்தியதைக் கேட்டவர், இது நோவைப் போக்குகிறதா கூட்டுகிறதா என்ற சந்தேகத்தோடு திரும்பிவிட்டார். அந்தச் சந்தேகத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பின்னால் வந்தவர்களில் பலருக்கு அதுகூட இருக்கவில்லை. மிருகம் அசையாமல் கிடந்தால் போதும், வேலை நடக்கும் என்பதுதான் மயக்கமருந்தின் பயனாகப் பார்க்கப்பட்டது. நாய், பூனை, குதிரை போன்றவற்றுக்குச் சில சத்திரசிகிச்சைகளை மயக்கமருந்து இல்லாமல் செய்யக்கூடாது என்று பிரித்தானியா சட்டம் போட்டது 1919 இல். இலங்கையில் அதற்கு முன்பே, 1907 இல், மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அது அடிப்பதையும் வதைப்பதையும் பற்றிப் பேசியது. அதிகபட்சத் தண்டப்பணமாக எழுதிவைத்த தொகை நூறு ரூபா. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு லீற்றர் பால் வாங்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் குதிரைக்குக் காயடிக்க சக்சினைல்கோலின் என்ற ஊசியைப் போட்டார்கள். அது தசையைச் செயலிழக்க வைக்கும். நினைவை மறைக்காது, நோவைத் துளியும் குறைக்காது. குதிரை விழித்தபடியே, எல்லாம் உணர்ந்தபடியே, காலை உதறக்கூட முடியாமல் கிடக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது அமைதியாக இருப்பதுபோலத் தெரியும்.

இதையெல்லாம் உரக்கச் சொன்னவர் மிருக வைத்தியர் அல்லர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த பேர்னார்ட் ரோலின். ஆய்வுகூட விலங்குகளுக்கு நோவுமருந்து கொடுப்பதைச் சட்டமாக்க வேண்டும் என்று 1982 இல் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சி சொல்லப் போனவரிடம், அப்படி மருந்து இருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டச் சொன்னார்கள். அவர் நூலகத்தில் தேடினார். ஆய்வுகூட விலங்குகளின் நோவுநீக்கம் என்ற தலைப்பில் ஒரு கட்டுரையும் கிடைக்கவில்லை. விலங்குகளின் நோவுநீக்கம் என்று பொதுவாகத் தேடியபோது கிடைத்தவை இரண்டு. நோவுமருந்துகளையெல்லாம் எலியிலும் நாயிலும் சோதித்துப் பார்த்துத்தான் மனிதருக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்தால் இந்த இரண்டு என்ற எண் உறைக்கும். நோகாது என்றால் சோதனைக்கு எலி எதற்கு? நோகும் என்றால் சோதனை முடிந்த பிறகு மருந்து எங்கே? ரோலினின் வாதம் ஏறத்தாழ இதுதான். 1985 இல் அந்தச் சட்டம் நிறைவேறியது.

இந்த இடத்தில் கதை மிருகத்தை விட்டு மனிதக் குழந்தைக்குத் தாவுகிறது. 1980களின் நடுப்பகுதி வரைக்கும் மேற்கு நாடுகளின் பெரிய வைத்தியசாலைகளிலேயே குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய நோவுமருந்து இல்லாமல் சத்திரசிகிச்சை செய்தார்கள். தசையைத் தளர்த்தும் மருந்தும் கொஞ்சம் வாயுவும்தான். குழந்தையின் நரம்பு இன்னும் முதிரவில்லை, அதற்கு நோகாது என்பது அன்றைய பாடம். இந்தூரில் மருத்துவம் படித்து ஒக்ஸ்போர்ட்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளம் வைத்தியர், சத்திரசிகிச்சை முடிந்து வரும் குழந்தைகள் ஏன் இப்படித் துவண்டுபோய் வருகின்றன என்று கேட்டார். ஒரு சாராருக்கு ஃபென்டனில் என்ற நோவுமருந்தைக் கொடுத்தும் மற்றவர்களுக்கு வழக்கமான முறையிலும் செய்து, இரத்தத்தில் ஏறும் அழுத்தச் சுரப்புகளை ஒப்பிட்டார். மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அமைதியாக இருந்தது. அவை தேறியதும் நன்றாக இருந்தது. 1987 இல் லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரை உலகெங்கும் குழந்தைச் சத்திரசிகிச்சையின் வழக்கத்தை மாற்றியது.

அதே 1987 இல் கனடாவில் ரூத் குருனோவும் கென்னத் கிரெய்க்கும் வேறொரு வழியில் போனார்கள். குதிக்காலில் இரத்தம் எடுக்கக் குத்தும்போது பச்சைக் குழந்தையின் முகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் படம்பிடித்து, புருவம் தாழ்வது, கண் இறுகுவது, மூக்கோரம் மடிவது என்று ஒவ்வோர் அசைவுக்கும் பெயரிட்டு எண்ணினார்கள். பேச்சு வராதவரின் நோவை முகத்திலிருந்து எண்ணாக எழுதலாம் என்பதற்கு அது அத்தாட்சி. போல் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் வளர்ந்தவர்களின் முகத்தை இப்படித் தசைதசையாகப் பிரித்துப் படிக்கும் முறையை 1978 இலேயே வகுத்திருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை முகத்தில் காட்டும் விதம் பற்றி டார்வின் 1872 இல் எழுதிய நூலில் போய் நிற்கும்.

இனி எலி. மொன்றியல் நகரில், எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் போய்க் குடியேறிய அதே மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் நோவின் மரபியலை ஆராய்கிறவர். குழந்தை முகத்தைப் படித்த கிரெய்க்கையும் சேர்த்துக்கொண்டு அவருடைய குழு 2010 இல் சுண்டெலியின் முகத்துக்கு ஓர் அளவுகோல் செய்தது. கண் இறுகுதல், மூக்கு புடைத்தல், கன்னம் புடைத்தல், காதின் நிலை, மீசையின் நிலை என ஐந்து அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் பூச்சியம், கொஞ்சம் என்றால் ஒன்று, தெளிவாகத் தெரிந்தால் இரண்டு. இது பிறந்த இடம் அத்தனை சுத்தமானதல்ல. எலியின் வயிற்றுக்குள் அசற்றிக் அமிலத்தை ஏற்றி, அது துடிக்கும்போது படம்பிடித்துத்தான் அந்த முகத்தைக் கற்றுக்கொண்டார்கள். நோக்கமும் எலிக்கு உதவுவது அல்ல, மனிதருக்கான நோவுமருந்தைச் சரியாகச் சோதிப்பது. ஆனால் ஒருமுறை முகத்தைப் படிக்கத் தெரிந்துவிட்ட பிறகு அதை மறக்க முடியாது. 2011 இல் பெரிய எலிக்கும், 2012 இல் முயலுக்கும், 2014 இல் குதிரைக்கும் அதே முறையில் அளவுகோல்கள் வந்தன.

நாய்க்கு வந்தது வேறு வழி. அதுவும் மொன்றியலில்தான் வேர் கொண்டது என்பது எனக்கு வியப்பு. மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், நோயாளிகள் தங்கள் நோவைச் சொல்லும் சொற்களைத் திரட்டி, குத்துவது, எரிவது, இழுப்பது, விண்விண்ணென்று தெறிப்பது என வகைப்படுத்தி 1975 இல் ஒரு வினாத்தாள் செய்தார். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ மிருக வைத்தியப் பள்ளியில் ஜாக்கி ரீட், அன்ட்ரியா நோலன் முதலியோர் அதையே நாய்க்குத் திருப்பினார்கள். நாய் சொல்லாதே? ஆகவே நாயைப் பார்ப்பவர்களிடம் கேட்டார்கள். 69 மிருக வைத்தியர்கள் நோவுள்ள நாயைப் பற்றி 279 சொற்களையும் தொடர்களையும் கொடுத்தார்கள். சலித்துச் சலித்து அதை 47 ஆக்கி, ஏழு பிரிவுகளில் அடுக்கி 2001 இல் வெளியிட்டார்கள். வேலை நேரத்தில் இதை யார் நிரப்புவது என்று வைத்தியர்கள் அலுத்துக்கொள்ள, 2007 இல் சுருக்க வடிவம் வந்தது. நாய் முனகுகிறதா, புண்ணை நக்குகிறதா, எழுந்து நடக்க வைத்தால் நொண்டுகிறதா, புண்ணைச் சுற்றி மெல்ல அழுத்தினால் திரும்பிப் பார்க்கிறதா கடிக்க வருகிறதா, படுக்கிற விதம் எப்படி, மனநிலை எப்படி. மொத்தம் 24. ஆறு வந்தால் மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த ஆறு என்ற எண்ணில்தான் இந்தத் தாளின் பெறுமதி முழுவதும் இருக்கிறது. அதற்கு முன் நாய்க்கு நோவுமருந்து போடுவதா வேண்டாமா என்பது வைத்தியரின் மனப்போக்கையும் களைப்பையும் பொறுத்தது. இளகிய மனமுள்ளவர் போடுவார். நாய் கொஞ்சம் நொந்தால்தான் ஆடாமல் கிடக்கும், தையல் பிரியாது என்று நம்புகிறவர் போடமாட்டார். இந்த இரண்டாவது நம்பிக்கையை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன், படித்தவர் வாயிலிருந்தும். எண் வந்த பிறகு, இரவு வேலைக்கு வருகிற உதவியாளரும் பார்த்துச் சொல்லலாம்: மாலையில் நாலு, இப்போது எட்டு, டொக்டரைக் கூப்பிடுங்கள்.

பூனை கடைசியாக வந்தது. அதன் சுபாவத்துக்கு அது பொருந்தும். நொந்தால் கத்தாது, கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிவிடும். நன்றாகத் தூங்குகிறது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். மீண்டும் மொன்றியல்: மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பீடத்தில் பிரேசிலைச் சேர்ந்த மரினா எவஞ்சலிஸ்டாவும் பாவ்லோ ஸ்டீகலும் 2019 இல் பூனை முகத்தின் அளவுகோலை வெளியிட்டார்கள். காது முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் பூச்சியம். தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இரண்டு. கண் திறந்திருந்தால் பூச்சியம், இடுங்கியிருந்தால் இரண்டு. மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி உருண்டையாக இளகியிருக்கிறதா, இறுகி நீள்வட்டமாகிவிட்டதா. மீசை வளைந்து தொங்குகிறதா, நேராக விறைத்து முன்னால் நீள்கிறதா. தலை தோளுக்கு மேலே இருக்கிறதா, கீழே தாழ்ந்துவிட்டதா. மொத்தம் பத்து. நாலு வந்தால் மருந்து தேவை. கருவி வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம், பூனையைத் தொடவே வேண்டாம். காசும் இல்லை, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

மோகிலின் குழு 2014 இல் சொன்ன இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆய்வுகூடத்துக்குள் ஆண் ஒருவர் வந்தால் எலிகள் நோவைக் குறைவாகக் காட்டின. பெண் வந்தபோது அப்படி நடக்கவில்லை. ஆண் போட்டுக் கழற்றிய ரீசேட்டை அருகில் வைத்தாலே போதும், அதே விளைவு. ஆணின் வாடை எலிக்குக் கிலி, கிலி நோவை மூடிவிடுகிறது. ஓட்டோவில் கூடைக்குள் அடைபட்டு, அறியாத மேசையில் இறக்கப்பட்டு, நாலு நாய்களின் மணத்துக்கு நடுவில் நிற்கும் பூனை வைத்தியர் முன்னால் நல்ல பிள்ளையாக இருப்பதில் என்ன அதிசயம்? அதனால் வீட்டில் பூனை எப்படி இருந்தது என்று போனில் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொண்டு போவது, வைத்தியரின் கையில் ஒரு பரிசோதனை முடிவைக் கொடுப்பதற்குச் சமம்.

எல்லா உயிருக்கும் தாள் இல்லை. ஆமைக்கு முகத்தசை அவ்வளவாக இல்லை, நொந்தால் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஊர்வனவற்றுக்கு நோவுமருந்தாக மிருக வைத்தியர்கள் நெடுங்காலம் அதிகமாகக் கொடுத்தது பியூட்டோர்ஃபனோல். 2007 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கேர்ட் ஸ்லாட்கியும் குழுவினரும், வீடுகளில் தொட்டியில் வளர்க்கிற செங்காது ஆமையில் அதைச் சோதித்தார்கள். பின்காலுக்குச் சூடு காட்டினால் எத்தனை விநாடியில் காலை இழுக்கிறது என்று பார்த்தார்கள். பியூட்டோர்ஃபனோல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். மோர்ஃபின் கேட்டது, ஆனால் மூச்சை மிகவும் தாழ்த்தியது. ஆக, அத்தனை வருடங்களாக ஆமைகளுக்கு ஊசி போட்டும் நோவு தீரவில்லை. ஆமை ஒன்றும் சொல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பறவையில் நிலைமை தலைகீழ். புறாவின் முன்மூளையில் ஓப்பியம் வகை மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகளில் முக்கால் பங்கு கப்பா என்ற வகையைச் சேர்ந்தவை என்று 1988 இல் கண்டார்கள். பியூட்டோர்ஃபனோல் அந்தக் கப்பாவில் வேலை செய்கிற மருந்து. கிளிகளுக்கு அது உதவுகிறது. கிளிக்குச் சரி என்பதற்காக எல்லாப் பறவைக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. முயல் இன்னொரு விதம். நொந்தால் தின்பதை நிறுத்தும், தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும், குடல் நின்றால் ஓரிரு நாளில் முயல் போய்விடும். கூட்டு முயலின் புழுக்கை குறைந்திருந்தால் அதுவே நோவின் எண்.

நாய்க்கும் பூனைக்கும் இடையிலேயே எவ்வளவு வித்தியாசம்! எங்கள் பக்கத்தில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எளிதில் கிடைக்கும் நோவுமருந்து ட்ரமடோல். அதன் ஓப்பிய வேலையைச் செய்வது அந்த மருந்து அல்ல, ஈரலில் அது மாறிப் பிறக்கும் இன்னொரு பொருள். பூனையின் ஈரல் அதை நன்றாகச் செய்கிறது. நாயின் ஈரல் மிகக் குறைவாகவே செய்கிறது. மூட்டு நோவுள்ள நாய்களில் 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ட்ரமடோலுக்கும் வெறும் மாத்திரைக்கும் வேறுபாடு காணவில்லை. நாய் மந்தமாகக் கிடந்தால் நோவு போய்விட்டது என்று நாம் நினைப்போம். தாளை எடுத்துப் பார்த்தால்தான் எண் இறங்கவில்லை என்று தெரியும்.

இனிப் பனடோல். ஆரையம்பதியிலும் ஏறாவூரிலும் களுவாஞ்சிக்குடியிலும் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற வெள்ளைக் குளிசை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாதி, பெரியவருக்கு இரண்டு, நொண்டுகிற பூனைக்கும் கால் குளிசை என்று கொடுத்துவிடுகிறார்கள். அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை உடலிலிருந்து வெளியேற்ற மனிதருக்கு ஈரலில் இருக்கும் பிரதான வழி பூனைக்கு ஏறக்குறைய அடைபட்டது. தேங்கிய மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தைக் கெடுக்கும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. முரசு கபிலமாகும், முகமும் முன்னங்கால்களும் வீங்கும், மூச்சு வாங்கும். நாலு கிலோ பூனையைக் கொல்ல ஒரு 500 மில்லிகிராம் குளிசை போதும், அதிலும் குறைவு போதும். மாற்று மருந்து இருக்கிறது, அசற்றைல்சிஸ்டீன் என்று பெயர். பனடோலை அளவுக்கு மீறி விழுங்கிய மனிதருக்குக் கொடுப்பதும் அதைத்தான். ஆனால் தாமதிக்கத் தாமதிக்கப் பயன் குறையும். நாய்க்கு ஐபுபுரோஃபன் (புரூஃபன்) கொடுப்பதும் இதே வகை அன்புதான். அது இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நோவை எண்ணாமல் மருந்தை மட்டும் கொடுத்த பெரிய கதை ஒன்று பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்தது. 1990களில் இந்தியாவில் டைக்குளோஃபெனாக் என்ற நோவுமருந்து மலிவாக வந்ததும் நொண்டுகிற மாடு, காய்ச்சல் மாடு, சாகக்கிடக்கிற கிழட்டு மாடு எல்லாவற்றுக்கும் அந்த ஊசிதான். செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் என்னவென்று 2004 இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செய்த ஆய்விலிருந்து சொல்லும்போது, இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துகொண்டிருந்தது. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இவ்வளவு அழிவுக்குப் போதும் என்று ஒரு கணக்குச் சொன்னது. 2006 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் மாட்டுக்கு அதைத் தடைசெய்தன. அதே வருடம் மெலோக்சிகாம் என்ற இன்னொரு நோவுமருந்து பாறுகளுக்குத் தீங்கில்லை என்று நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் நீலகிரிக்குக் கீழே மோயாறுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகளைக் காப்பாற்ற இன்றும் பாடுபடுகிறார்கள். இலங்கையில் பாறு இல்லை. எங்கள் செத்த மாட்டைத் தின்பவை நாயும் காகமும் உடும்பும் வாவி முதலையும். எச்சரிக்கை தர எங்களுக்கு ஒரு பறவைகூட இல்லை என்பதால் கூடுதல் கவனம் தேவை என்றுதான் நான் வாசிக்கிறேன். இந்த மெலோக்சிகாம்தான் இன்று மிருக வைத்தியரின் பையில் இருக்கும் குப்பி. அதையும் பூனைக்கு நாய்க் கணக்கில் கொடுக்கக்கூடாது. பூனைக்குத் திரும்பத்திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010 இல் குப்பியிலேயே எச்சரிக்கை அச்சிட வைத்தது.

இந்தத் தாள் பணக்கார நாட்டுச் சொகுசு என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் மாறாக நினைக்கிறேன். மருந்து அலுமாரி நிறைந்த இடத்தில் எல்லா மிருகத்துக்கும் கொடுத்துவிட்டுப் போகலாம், தாள் இல்லாமலும் சமாளிக்கலாம். 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மனிதருக்கே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில், இருக்கிற நாலு ஊசியை எந்த நாலு மிருகத்துக்குப் போடுவது என்று சொல்ல எண் வேண்டும். வாகரையிலிருந்து போரதீவு வரை நீண்ட ஒரு மாவட்டத்தில், மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுகிற அரச மிருக வைத்தியருக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. குறி சுடுவதற்கும் இதே கணக்குப் பொருந்தும். காதில் தோடு குத்துவது இரும்புச் சூட்டைவிடக் குறைவாக நோகும் என்று பட்டிக்காரரிடம் வாதாட, அவர் தினமும் பார்க்கிற காதையும் முதுகையுமே ஆதாரமாகக் காட்டலாம்.

1979 இல் உலக நோவு ஆய்வுச் சங்கம் நோவுக்கு வகுத்த வரைவிலக்கணம், சொல்லக்கூடியவரின் நோவையே முன்னிறுத்துகிறது என்று நெடுங்காலம் குறை கூறப்பட்டது. 2020 இல் சிறீனிவாச ராஜா தலைமையிலான குழு அதைத் திருத்தியது. ஒருவர் சொல்ல முடியாதவர் என்பது அவருக்கோ, மனிதரல்லாத ஒரு விலங்குக்கோ நோவு இல்லை என்று ஆகாது என்பதை விளக்கக் குறிப்பிலேயே சேர்த்தார்கள்.

வாசிக்கிறவர்களிடம் இரண்டு வேண்டுதல். பனடோலையும் புரூஃபனையும் நாய், பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது தையல் எப்ப வெட்டுறது என்று கேட்பதோடு, நோவுக்கு என்ன போட்டீங்க, எத்தனை மணித்தியாலத்துக்கு நிக்கும், பிறகு வீட்டில என்ன குடுக்கிறது என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.